உங்களுக்குத் தெரியுமா? புதுச்சேரிக்குப் போதுமான மின்சைக்கிள்

✦ மின்சைக்கிளைத் தள்ளும் மோட்டார், உங்கள் வீட்டில் சட்னி அரைக்கும் மிக்ஸியைவிடச் சின்னது. மிக்ஸி 500 வாட்டிலிருந்து 750 வாட் வரை இழுக்கும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடிய மின்சைக்கிளுக்குச் சட்டம் அனுமதிப்பது 250 வாட்டுக்கும் கீழே. இதை வைத்துக்கொண்டு எப்படி ஆளைச் சுமந்து போகிறது என்று கேட்கலாம். சாதாரண உடம்புக்காரர் மூச்சு வாங்காமல் நெடுநேரம் மிதித்தால் தரக்கூடிய சக்தியே 75 முதல் 100 வாட்தான். மோட்டார் முழு வீச்சில் ஓடினால், உங்களைப்போல் இன்னும் இரண்டு பேர் உங்களுக்காக மிதிக்கிறார்கள் என்று கணக்கு.

✦ ‘ஆர்டிஓ ஆபீசுக்குப் போகணுமா?’ கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் இரண்டாம் விதியே பதில் சொல்லிவிடுகிறது. மோட்டாரின் அரைமணி நேர சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இவை பொருந்தினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே இல்லை. நம்பர் பிளேட் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் கட்டாயமும் கிடையாது.

பெடல் மிதித்தால் உதவும் வகை சைக்கிளுக்கு அதே விதியில் இன்னும் நுணுக்கமான வரி உண்டு. வேகம் ஏற ஏற மோட்டார் தன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 25-ஐத் தொட்டதும் முழுதாக விட்டுவிட வேண்டும். நீங்கள் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று, ஒழுங்கான பிரேக். இவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. ‘அண்ணா, இந்த ஒயரைப் பிடுங்கினா 40 போகும்’ என்று சொல்லும் கடைக்காரர் எல்லா ஊரிலும் உண்டு. பிடுங்கிய அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஓட்டுவது பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனம்.

✦ புதுச்சேரி நகரத்தின் நேர்க்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர் போட்டது என்றே பலரும் நினைக்கிறோம். கட்டம் கட்டமான அந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்து 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் போட்ட கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பின்னாளில் பிரெஞ்சுக்காரர் அதைச் சுற்றி முட்டை வடிவில் புல்வார் அமைத்தார்கள். மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரை. வடக்கு தெற்காக இரண்டு கிலோமீட்டருக்குள், கிழக்கு மேற்காக ஒன்றரைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

சைக்கிளோட்டத்துக்கு உலகிலேயே பேர்போன நாட்டுக்காரர்கள், சைக்கிள் என்ற ஒன்று பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே சைக்கிளுக்கு ஏற்ற ஊரை நமக்கு வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

✦ இப்போது பேட்டரிக் கணக்கு. மெல்லிய மின்சைக்கிள்களில் வருவது 36 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி. பெருக்கினால் சுமார் 250 வாட்-மணி. நீங்களும் சேர்ந்து மிதித்தால் சமதரையில் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட்-மணி செலவாகும். ஆக 25 முதல் 30 கிலோமீட்டர். புல்வாரைச் சுற்றி நாலு தடவை வலம் வந்தாலும் மிச்சம் இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற்ற யூனிட்டில் மூன்றிலொரு பங்குக்குள்தான் மின்சாரம் பிடிக்கும்.

அப்படியிருக்க, ‘ஒரே சார்ஜில் 100 கிலோமீட்டர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பவர் என்ன வாங்குகிறார்? முத்தியால்பேட்டையிலிருந்து குபேர் அங்காடிக்குப் போய்வர, தினமும் மூன்று கிலோ கூடுதல் பேட்டரியைச் சுமக்கும் உரிமையை.

✦ புதுச்சேரிக்கே உரிய பழைய வாகனம் ஒன்று: புஷ் வண்டி. மற்ற ஊர்களில் கைரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுத்தார். இங்கே பின்னால் நின்று தள்ளினார். வண்டியைத் திருப்பும் கம்பியோ சவாரி செய்பவர் கையில். திசை துரையுடையது, வியர்வை தள்ளுபவருடையது. முன்னால் இருப்பவர் தெருமுனையில் சட்டென்று திருப்பினால் பின்னால் இருப்பவர் பாடு என்ன ஆகும் என்று அந்தக் காலத்துப் பயணிகள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்திய மின்சைக்கிளிலும் அதே ஏற்பாடுதான். பின்னாலிருந்து தள்ளுகிறது, நீங்கள் திருப்புகிறீர்கள். தள்ளுவது மனிதன் இல்லை என்பது மட்டும் எவ்வளவோ நிம்மதி.

✦ புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். 1881 ஏப்ரல் 19 அன்று பாரிஸின் வலுவா வீதியில் குஸ்தாவ் த்ரூவே என்ற கருவி வல்லுநர் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் மின்மோட்டாரைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். சைக்கிள் இங்கிலாந்தில் செய்தது. மின்சாரம், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய பேட்டரியில் இருந்து. அதைக் கண்டுபிடித்த காஸ்தோன் பிளாந்தேயும் பிரெஞ்சுக்காரரே. வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இன்று ஞாயிறு சந்தை நாளில் மகாத்மா காந்தி வீதியில் கார் போகும் வேகத்தைவிட அதிகம்.

பிறகு த்ரூவே என்ன செய்தார் தெரியுமா? அதே வகை மோட்டாரைப் படகில் மாட்டி, மறுமாதமே சேன் நதியில் விட்டார். சைக்கிளை மறந்தேவிட்டார்.

✦ சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைக்கும் ஹப் மோட்டார் ஏதோ சீனத்துப் புதுமை இல்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். பேட்டரி பிரேமின் முக்கோணத்துக்குள், மோட்டார் பின்சக்கரத்துக்குள். இன்றைய விலை குறைந்த மின்சைக்கிளின் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே சொல்வீர்கள்.

✦ ‘நான் மிதித்தால்தான் நீ உதவ வேண்டும்’ என்ற ஏற்பாட்டைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் யமஹா; ஆண்டு 1993.

✦ மிதிப்பதை மோட்டார் எப்படித் தெரிந்துகொள்கிறது? இதில் இரண்டு ஜாதி உண்டு. விலை குறைந்தவற்றில் பெடல் அச்சைச் சுற்றிக் காந்தங்கள் பதித்த சின்ன வளையம் இருக்கும்; பக்கத்தில் ஒரு சென்சார். காந்தம் சுற்றுகிறதா, ‘சரி, மிதிக்கிறார்’ என்று மோட்டாரை விட்டுவிடும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. இன்னொரு ஜாதி டார்க் சென்சார். அது உங்கள் காலின் அழுத்தத்தையே அளக்கும். மெல்ல மிதித்தால் மெல்ல, ஊன்றினால் பலமாக.

வித்தியாசம் நேரு வீதியில் தெரியும். முன்னால் பூக்கூடையுடன் ஓர் அம்மா, பக்கத்தில் ஆட்டோ. அரைச் சுற்று மிதித்து ஓர் அடி நகர வேண்டும், அவ்வளவே. காந்த வளைய சைக்கிள் முதலில் சும்மா இருக்கும்; அரை நொடி கழித்து, நீங்கள் நிற்க நினைக்கும்போது, சட்டென்று முன்னே பாயும். அதனால்தான் நல்ல கம்பெனிகள் பிரேக் பிடியில் ஒரு சுவிட்சு வைக்கின்றன. பிடியை விரலால் லேசாகத் தொடுங்கள். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் நின்றுவிட வேண்டும்.

கடையில் கேட்காமலே கண்டுபிடிக்கும் வழியும் உண்டு. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சக்கரம் தானாக வேகமெடுத்தால் காந்த வளையம். கைக்கு ஏற்றபடி மட்டும் சுற்றினால் டார்க் சென்சாராக இருக்க வாய்ப்பு அதிகம்.

✦ எடை குறைந்தால் வேகம் கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் பாதி நம்புங்கள். சமதரையில் ஒரே சீராக ஓடும்போது ஐந்து கிலோ கூடுதல் எடைக்கு ஆகும் கூடுதல் சக்தி இரண்டு வாட் அளவுதான்; காலுக்குத் தெரியவே தெரியாது. எடை தெரிவது நின்ற பிறகு. தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணை, அதைத் தாண்டி நடை. சைக்கிளைத் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். 25 கிலோ வண்டியைத் தினமும் இரண்டு முறை தூக்குபவர் மூன்றாம் மாதம் அதை வாசலிலேயே விட்டுவிடுவார். பிறகு கடல் காற்று பார்த்துக்கொள்ளும்.

கியர் இல்லை, கேரியர் இல்லை, திரை இல்லை, பேட்டரி பிரேம் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் என்ற வகையில் வரும் மெல்லிய மின்சைக்கிள்கள் 15 முதல் 18 கிலோ வரை இருக்கும். பால்காரர் ஓட்டிய கறுப்பு சைக்கிளைவிடக்கூடக் குறைவு. ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். குழாய்க்குள் ஒளிந்த பேட்டரியைப் பல மாடல்களில் கழற்ற முடியாது. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் சார்ஜ் போட, முழு சைக்கிளையும் அல்லவா மாடிக்குக் கொண்டுபோக வேண்டும்! அழகுக்கு விலை எங்கோ ஓரிடத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. கேரியர் இல்லாத சைக்கிளில் காய்கறிப் பையை எங்கே மாட்டுவது என்பதற்கு வடிவமைத்தவர்களிடம் இன்றுவரை பதில் இல்லை.

✦ மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பும் ஊர் இது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறீர்கள். எதிரே 14 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக அடிக்கிறது. காற்றைக் கிழிக்க மட்டும் ஆகும் சக்தி, காற்றில்லா நேரத்தைப்போல் மூன்று மடங்கு. ஐந்து கிலோ எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட, முதுகைக் கொஞ்சம் குனிவது லாபம்.

✦ ‘புதுச்சேரி தட்டையான ஊர், சரி. கோரிமேட்டுக்கும் ஆரோவில்லுக்கும் போனால்?’ நல்ல கேள்வி. கடலோரப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில் மேட்டுக்கு ஏறும் உயரம் 50 மீட்டர் அளவு. ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் வெறும் 12 வாட்-மணி. மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் இரண்டு கிலோமீட்டர் போவதற்கு ஆவதைவிட அதிகமில்லை. காலுக்கு மலையாகத் தெரிவது பேட்டரிக்குத் தெருவோரத் திட்டு.

ஆரோவில் வாசிகளுக்கு இது முன்பே தெரியும். அங்கே ‘கினிசி’ என்ற மின்வாகனச் சேவை நடக்கிறது; செம்மண் பாதைகளில் சத்தமில்லாமல் சைக்கிள்கள் போவதைப் பார்க்கலாம். புழுதி மட்டும் பெட்ரோல் வண்டிக்கு எழுவதுபோலவே எழுகிறது.

✦ உப்புக் காற்றுக்குச் செயின் முதல் பலி. அதற்கு மாற்று, கார்பன் இழை வைத்த பல் பெல்ட். துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது, வேட்டியிலும் சேலையிலும் கறை பூசாது. அப்படியானால் எல்லா சைக்கிளிலும் ஏன் போடக்கூடாது? செயினைப்போல் பெல்ட்டைக் கழற்றிச் சேர்க்க முடியாது. முடிவில்லாத ஒரே வளையம் அது. பின்பக்கப் பிரேமையே ஓரிடத்தில் திறந்து மூடும்படி செய்தால்தான் உள்ளே போகும். வீட்டிலிருக்கும் பழைய சைக்கிளில் பெல்ட் மாட்டித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் சண்டை போடாதீர்கள்.

✦ 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டரை நெருங்கிய மழை கொட்டியது. மின்சைக்கிள் பெட்டியில் ‘ஐபிஎக்ஸ் 4’ என்று போட்டிருந்தால், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். மூழ்கினால் தாங்கும் என்று பொருள் இல்லை. அதற்கு ‘ஐபிஎக்ஸ் 7’ வேண்டும்: ஒரு மீட்டர் ஆழம், அரைமணி நேரம். மழைவெள்ளம் தேங்கும் ரெயின்போ நகர்க்காரர்கள் அந்த எண்ணைத் தேடிப் பார்த்து வாங்கலாம், தப்பில்லை.

✦ லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காதவை இரண்டு: சூடு, நிரம்பிய வயிறு. இரண்டும் சேர்ந்தால் ஆயுள் சீக்கிரம் குறையும். அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜரைச் சொருகாமல், ஆறவிட்டுப் போடுங்கள். ஊருக்குப் போகிறீர்களா, பாதி சார்ஜில் விட்டுப் போங்கள்.

✦ நெதர்லாந்தின் ‘வான்மூஃப்’ மின்சைக்கிள் கம்பெனி, பார்சலில் அனுப்பும் சைக்கிள்கள் நசுங்கி வருகின்றன என்று திண்டாடியது. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய தட்டைத் திரை டிவியின் படத்தை அச்சடித்தார்கள். சேதம் மளமளவென்று குறைந்தது. உள்ளே இருப்பது டிவி என்று நினைத்துச் சுமப்பவர்கள் பதமாக இறக்கிவைத்தார்களாம்.

அதே கம்பெனி 2023 ஜூலையில் திவாலானது. அதன் சைக்கிளுக்குச் சாவி கிடையாது. செல்போன் செயலிதான் சாவி. சர்வர் நின்றுவிட்டால் லட்ச ரூபாய்க்கும் மேலான சைக்கிளைத் திறக்க முடியாது என்று வாங்கியவர்கள் கலங்கிப் போனார்கள். கைகொடுத்தது போட்டிக் கம்பெனியான பெல்ஜியத்தின் ‘கவ்பாய்’: சாவியைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொள்ள ஒரு செயலியை அவசரமாகச் செய்து கொடுத்தது. பிறகு வான்மூஃப்பை வேறொரு நிறுவனம் வாங்கியது தனிக்கதை. சாதாரணப் பூட்டு சாவியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் கவனிக்க.

✦ பெடலும் மோட்டாரும் சேர்ந்த வண்டி தமிழனுக்குப் புதிதல்ல. ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது 1980-இல். இருவர் உட்காரலாம், பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டு வீடு சேரலாம். கோயம்புத்தூரில் 2008-இல் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ‘ஆம்பியர்’ மெதுவாகப் போகும் மின்வண்டிகளில்தான் ஆரம்பித்தது. பின்னாளில் ரத்தன் டாடா முதலீடு செய்தார், 2018-இல் கிரீவ்ஸ் காட்டன் நிறுவனம் கையகப்படுத்தியது. நடுவில் பெடல் எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை. இப்போது அது திரும்ப வருகிறது, விலை கூடி.

✦ பாரிஸ் நகரின் ‘வெலிப்’ வாடகை சைக்கிளில் பச்சை என்றால் சாதாரணம், நீலம் என்றால் மின்சாரம்.

✦ வேடிக்கையான வரிக்கணக்கு ஒன்று. 2019 ஆகஸ்டு முதல் மின்வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அந்த அறிவிப்பிலேயே மின்சைக்கிளும் அடக்கம். மோட்டார் இல்லாத சாதாரண சைக்கிளுக்கோ 12 சதவீதம்! முழுக்க முழுக்கத் தன் காலை நம்பியவர், மோட்டாரை நம்பியவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரி விகிதம் கட்டினார். 2025 செப்டம்பரில்தான் சாதாரண சைக்கிளும் 5-க்கு இறங்கியது. அதுவரை ஆறு ஆண்டுகள் யாரும் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டதாக நினைவில்லை.

✦ டில்லி அரசு 2022-இல் மின்சைக்கிள் வாங்குபவருக்கு விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 5,500 ரூபாய், மானியம் அறிவித்தது. முதல் 10,000 பேருக்கு. புதுச்சேரியில் நிலைமை வேறு. இங்கே பெட்ரோலுக்கு வரி குறைவு என்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிறவர்கள்கூட டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். மின்சைக்கிளுக்கு இந்த ஊரில் உண்மையான போட்டி இன்னொரு மின்சைக்கிள் இல்லை. பங்க்கில் தொங்கும் விலைப்பலகை.

✦ கடைசியாக, பிரான்சில் சொந்தக்காரர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு. லீவில் வரும் மாமாவிடம் அங்கிருந்து மின்சைக்கிள் கொண்டுவரச் சொல்லும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். விமானத்தில் பயணி தன்னோடு கொண்டுவரும் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். விமான கம்பெனி அனுமதித்தால் 160 வரை. மேலே பார்த்த மெல்லிய மின்சைக்கிளின் பேட்டரியே 250-ஐத் தொடுகிறது. சைக்கிளைப் பெட்டியில் கட்டி அனுப்பலாம், சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான். பேட்டரி மட்டும் பாரிஸிலேயே நின்றுவிடும்.